வர்ணிப்புப் பாட்டும் முகப்போவியமும்

பாட்டு செவிக்கு உரியது. எனினும் அதனை அச்சிலும் ஒலிப்பதிவிலும் ஏற்றி விலைப்படுத்துவோர் பெரும்பாலும் கண்ணுக்குரிய ஓவியம் ஒன்றனை முகப்பில் வைத்தே மக்கள் கையிற் கொடுத்து வந்துள்ளனர். அவ்வோவியம் பாட்டின் பொருளை எவ்வாறு உணர்த்துகின்றது, எதனை உணர்த்தாது விடுகின்றது என்பதனை, மதுரை மேலூர் வட்டாரங்களில் வழங்கும் அழகர் வர்ணிப்பைக் கொண்டு ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மேனாட்டு இசைத்தட்டு உறைகளில் இவ்வழக்கம் பிந்தியே வந்தது. இசைத்தட்டுத் தொகுதிகள் பெயர் மட்டும் பொறித்த உறைகளில் விற்கப்பட்ட நிலையை மாற்றி, 1940இல் கொலம்பியா நிறுவனத்திற்காக முகப்போவியம் அமைத்தவர் அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் என்பர். நம் நாட்டில் நிகழ்ந்த முறை வேறு. இந்தியாவில் முதல் இசைத்தட்டுப் பதிவு 1902இல் நிகழ்ந்தது. அதற்கு முன்பே குசிலிக் கடைப் பாட்டுப் புத்தகங்களும் பெரிய எழுத்துக் கதை நூல்களும் மரச்செதுக்குப் படங்களோடு தமிழகத்தில் உலவின. ஒரே மரக்கட்டையை வெவ்வேறு பாட்டுக்கும் அச்சகத்தார் பயன்படுத்தியதுண்டு. ஆங்கெல்லாம் ஓவியத்திற்கும் பாட்டிற்கும் உள்ள இயைபு கலைஞன் கருதியதன்று. அச்சகத்தாரின் சிக்கனம் தந்தது.

இனி வர்ணிப்புக்கு வருவோம். வர்ணிப்பு என்னும் சொல்லே சொல்லால் எழுதும் ஓவியத்தைக் குறிப்பது. பேராசிரியர் தொ. பரமசிவன் தம் 'அழகர் கோயில்' ஆய்வில் (1989) இப்பாடல்களுக்குத் தக்க இடம் அளித்துள்ளார். சித்திரைத் திருவிழாவில் அழகர் மலையினின்றும் மதுரைக்கு எழுந்தருளும் செலவே இப்பாட்டின் பொருள். பாட்டு மலையில் தொடங்குகின்றது. இறைவன் கள்ளர் கோலம் பூணுகின்றான். கண்டாங்கிப் பட்டு, கொண்டை, வளைதடி முதலியன ஒவ்வொன்றாக வருணிக்கப்படுகின்றன. பதினெட்டாம்படிக் கருப்பனிடம் விடைபெறுகின்றான். பின்னர்ப் பொய்கைக்கரைப்பட்டி, கள்ளந்திரி, அப்பன் திருப்பதி, மூன்றுமாவடி என ஊர்தோறும் மண்டகப்படி கொள்கின்றான். தல்லாகுளத்தில் ஆண்டாள் மாலை சூடிக் குதிரை ஏறி வையையுள் இறங்கும் காட்சிக்கு முன்பே பாட்டின் பெரும்பகுதி நிகழ்ந்துவிடுகின்றது. அதன் பின்னும் வண்டியூர், தேனூர் மண்டபம், மண்டூக முனிவர் சாபம் நீங்குதல், பூப்பல்லக்கு என அது நீள்கின்றது. ஆகவே வர்ணிப்பின் கட்டுக்கோப்பு வழிநடையின் கட்டுக்கோப்பே. கேட்போன் உடன் நடக்கின்றான்.

முகப்போவியமோ நடப்பதில்லை. சிற்றேடாயினும் ஒலிநாடாவாயினும் அதன் முகப்பில் பெரும்பாலும் காணப்படுவது ஒரே காட்சி: தங்கக் குதிரைமேல், பச்சைப் பட்டுடுத்து, ஆற்றினுள் நிற்கும் அழகர். பாட்டு வழியைத் தருகின்றது. முகப்பு வழியின் ஓரிடத்தை எடுத்து வழிபாட்டுக்குரிய திருவுருவமாக்கித் தருகின்றது. இவ்வேறுபாடு வர்ணிப்பிற்கு மட்டும் உரியதன்று. பெரிய எழுத்து மதுரைவீரன் கதை, மாறுகால் மாறுகை வாங்கப்பட்ட வீரனின் துயரத்தை நோக்கிச் செல்வது. ஆயினும் வீரனை எழுதும் படங்கள் வாளேந்தி முறுக்கு மீசையோடு, பொம்மியும் வெள்ளையம்மாளும் இருமருங்கும் நிற்க, ஊனமின்றி விளங்கும் தெய்வத்தையே பெரிதும் காட்டுவன. கதை அழவைத்தபோதும் படம் கும்பிட வைக்கின்றது.

இதனைக் குறையென்று கொள்வார்க்குத் தொல்காப்பியம் விடை கூறும். தெய்வம், மரம், புள், பறை, தொழில், யாழ் ஆகியவற்றைக் கருப்பொருளென ஒரே வரிசையில் வைத்தவர் தொல்காப்பியர். இசையும் தெய்வமும் ஒரு நிலத்தின் விளைவுகள் என்பது அவர் துணிபு. அதனால் இசைக்கு முகப்பாக ஒலியைக் குறிக்கும் கோடுகளை எழுதாது, அது பிறந்த நிலத்தையும் அதன் தெய்வத்தையும் எழுதுதல் தமிழர்க்கு இயல்பே. ஆயின் எந்த நிலம் என்னும் வினா எஞ்சி நிற்கின்றது. பரிபாடலின் பதினைந்தாம் பாடல் போற்றும் இருங்குன்றமே அழகர்மலை. வர்ணிப்பு அக்குன்றில் தொடங்கி வையைக்கரை மருதத்தில் இறங்கி மீண்டும் குன்றேறுகின்றது. முகப்போவியம் மருதத்தை மட்டும் எழுதிக் குன்றை விட்டுவிடுகின்றது.

மலைக்குக் கிழக்கே அமைந்த மேலூர்ப் பகுதியார்க்கு இஃது எளிய இழப்பன்று. கள்ளர் கோலம் அவர்தம் முன்னோர்க்கும் அழகர்க்கும் உள்ள உறவின் சான்று. பாட்டில் அது முதலிடம் பெறுகின்றது. முகப்பில் நகரத்தார் திரண்டு காணும் ஆற்றுக்காட்சி அவ்விடத்தைக் கொண்டுவிட்டது. மற்றொரு புறம் நோக்கின், பச்சைப் பட்டு அவர்கட்கும் அயலானதன்று. அழகர் பச்சை உடுத்தினால் அவ்வாண்டு நாடு செழிக்கும் என்பது மக்கள் நம்பிக்கை. 1895இல் பெரியாற்று நீர் திருப்பப்படும் முன் மேலூர் நிலங்கள் மழையையும் கண்மாயையுமே நம்பியிருந்தன. அந்நிலத்து உழவர் முகப்பின் பச்சை நிறத்தை வெறும் அணியாகக் கண்டிருக்க முடியாது.

பதிவுக் கருவியின் அளவும் ஈண்டுக் கருதத்தக்கது. பழைய இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமே ஓடும். அழகர் மூன்றுமாவடிக்குக்கூட வந்து சேரார். பக்கத்திற்கு அரைமணி நேரம் ஓடும் ஒலிநாடா வந்த பின்னரே வர்ணிப்பு தன் நீளத்தோடு பதிவேற இயன்றது. ஆனால் நெடுந்தட்டின் உறை பன்னிரண்டு அங்குலச் சதுரம். ஒலிநாடாவின் முகப்போ உள்ளங்கை அளவு. பாட்டுக்கு இடம் பெருகிய காலத்தில் படத்திற்கு இடம் சுருங்கிற்று. அச்சிறு பரப்பில் ஊர்களையும் மண்டபங்களையும் எழுத வழியில்லை. அதனுள்ளும் பாடகரின் நிழற்படம் ஒரு மூலையில் வட்டமாக வந்து அமர்ந்தது. சிற்றேடுகளில் பாடியவர் பெயர் எழுத்தாக மட்டும் நின்றமை நினையத்தக்கது. ஊர்ப் பொதுவாயிருந்த பாட்டு ஒருவருடைய பாட்டாகத் தோற்றம் கொள்ளும் மாற்றம், சொற்களில் தெரிவதற்கு முன்பே முகப்பில் தெரிகின்றது.

இத்தகு சான்றுகள் நூலகங்களிலேயே அழிவதுண்டு. சிற்றேடுகள் பலவற்றைச் சேர்த்துக் கட்டடம் செய்யுங்கால் மேலட்டையை நீக்கிவிடுதல் பலவிடத்தும் உள்ள பழக்கம். பாட்டு எஞ்சும், அதன் முகம் போய்விடும். மேலூரினின்றும் திருப்பத்தூர் வழியே கிழக்கே சென்றால் காரைக்குடியை அடுத்த கோட்டையூரை அடையலாம். ஆங்கு வாழ்ந்த ரோஜா முத்தையா, பாட்டுப் புத்தகங்களையும் நாடக அறிவிப்புகளையும் அழைப்பிதழ்களையும் நூல்களோடு ஒப்ப மதித்துத் திரட்டினார். அவர் மறைவுக்குப் பின் அத்தொகுப்பைக் கொண்டு 1994இல் சென்னையில் அவர் பெயரால் ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. அவர் தொழிலால் விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். மேலட்டையின் அருமையைப் புலவரினும் அவர் நன்கு அறிந்திருந்தார் போலும்.