இன்ஜினை இறக்கும் முன் அளந்து பாருங்கள்!

'தோப்பு மாங்காயை ஏற்றிச்செல்ல பழைய டீசல் மினி லாரி வைத்திருக்கிறேன். காலையில் செல்ஃப் நெடுநேரம் சுற்றினால்தான் ஸ்டார்ட் ஆகிறது. வெள்ளைப் புகை தள்ளுகிறது. கொடைக்கானல் மலைப்பாதையில் லோடு இழுப்பதில்லை. கம்ப்ரஷன் போய்விட்டது, இன்ஜினை இறக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். சீசன் நேரத்தில் என்ன செய்வது?' என்று தேவதானப்பட்டி வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

மெக்கானிக் சொல்வது சரியாகவே இருக்கலாம். ஆனால், அதை அளந்து பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடும் அல்லவா? டீசல் இன்ஜின் வேலை செய்வதும் அப்படித்தான். இதில் ஸ்பார்க் பிளக் கிடையாது. சிலிண்டருக்குள் காற்று 16 முதல் 20 மடங்கு வரை அமுக்கப்பட்டு, 500 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகிறது. அந்தச் சூட்டில்தான் டீசல் பற்றிக்கொள்கிறது. காற்று கசிந்தால் சூடு குறையும். எரியாத டீசல் வெள்ளைப் புகையாக வெளியேறும்.

முதலில் செலவில்லாத சோதனைகளைச் செய்யுங்கள். ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர் அடைத்திருக்கிறதா, டீசல் லைனில் காற்று புகுந்திருக்கிறதா, பேட்டரி பலமாக இருக்கிறதா, ஹீட்டர் பிளக் உள்ள வண்டியில் அது சூடாகிறதா என்று பாருங்கள். பேட்டரி பலமில்லாமல் செல்ஃப் மெதுவாகச் சுற்றினாலும் இதே தொல்லை வரும். வால்வு இடைவெளியையும் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

அதன் பிறகும் சரியாகாவிட்டால், இன்ஜினைச் சூடாக்கி, டீசல் வரத்தை நிறுத்தி, நாசில்களைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரையும் டீசலுக்கான கம்ப்ரஷன் கேஜ் வைத்து அளக்க வேண்டும். பெட்ரோல் கேஜ் இந்த அழுத்தத்தைத் தாங்காது. பல டீசல் இன்ஜின்களில் 350 முதல் 450 பி.எஸ்.ஐ. வரை காட்டும். உங்கள் வண்டிக்கான சரியான அளவு சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும். சிலிண்டருக்குச் சிலிண்டர் பெரிய வித்தியாசம் இருக்கக் கூடாது.

குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் மட்டும் விட்டு, மறுபடி அளக்க வேண்டும். ஆயில் அதிகமானால் பிஸ்டன் முட்டி, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அளவு நன்றாக ஏறினால், ரிங் அல்லது லைனர் தேய்மானம். ஆயில் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென வருவதும் இதற்கு அடையாளம். அளவு ஏறாவிட்டால், வால்வு அல்லது ஹெட் கேஸ்கட்டில் கோளாறு. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்களில் மட்டும் குறைந்தாலோ, ரேடியேட்டரில் குமிழ் வந்தாலோ ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகிக்கலாம். ரேடியேட்டர் மூடியை இன்ஜின் ஆறியிருக்கும்போதுதான் திறக்க வேண்டும்.

வால்வு, கேஸ்கட் வேலைக்கு ஹெட்டை மட்டும் கழற்றினால் போதும். ரிங், லைனர் என்றால்தான் பெரிய செலவு. அதனால், ஒவ்வொரு சிலிண்டரின் அளவையும் மெக்கானிக்கிடம் எழுதி வாங்கிக்கொண்டு, பிறகு ஸ்பேனரை எடுக்கச் சொல்லுங்கள்.