ஒரு பீடிதானே என்று இருந்துவிடாதீர்கள்

அவலூர்பேட்டைக் கடைத்தெருவில் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் முதலில் வருவது சோடாதான். "வாய்வுப் பிடிப்பு, ஏப்பம் விட்டால் சரியாகிவிடும்" என்பார்கள். அவர் பீடி குடிப்பவரா, ஹான்ஸ் புகையிலை வைப்பவரா என்று கேட்கத் தோன்றுவதில்லை.

புகையும் ஹான்ஸும்

நிக்கோட்டின் ரத்தத்தில் கலந்ததும் இதயம் வேகமெடுக்கிறது, ரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடோ ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும். இதயம் கூடுதலாக உழைக்கும்போதே அதற்கான ஆக்சிஜன் குறைகிறது. குழாயின் உட்சுவர் புண்பட்டுக் கொழுப்பு படிகிறது. ஒருநாள் அந்தப் படிவு கிழிந்து ரத்தம் உறைந்தால், இதயத்தில் மாரடைப்பு, மூளையில் பக்கவாதம்.

"நாளைக்கு ஒன்றுதான்" என்பவர்களுக்காகவே இதைச் சொல்கிறேன். 20 சிகரெட் பிடிப்பவருக்குக் கூடும் மாரடைப்பு ஆபத்தில் ஏறத்தாழப் பாதி, ஒன்றே ஒன்று பிடிப்பவருக்கும் உண்டு என்கிறது பிரிட்டிஷ் மருத்துவ இதழில் 2018இல் வந்த ஆய்வு. உதட்டுக்குள் அடக்கும் புகையிலையில் புகை இல்லை, நிக்கோட்டின் இருக்கிறது. தமிழகத்தில் குட்கா 2013இலேயே தடை செய்யப்பட்டும் பிள்ளைகள் கைக்கு வருவது வேதனை.

கெடாவெட்டுக் குடி

விசேஷத்துக்கு மட்டும் குடிப்பவர் அன்று அளவில்லாமல் குடிக்கிறார். பிரஷர் எகிறி மூளையின் குழாய் வெடிக்கலாம். இதயத்தின் மேலறைகள் தாறுமாறாகத் துடித்து, அங்கே தேங்கி உறைந்த ரத்தக்கட்டி மூளைக்குப் போய் அடைக்கலாம். கஞ்சாவும் வெறும் மூலிகை அல்ல. புகைத்த முதல் ஒரு மணி நேரத்தில் மாரடைப்பு ஆபத்து கூடுகிறது.

நேரம் போகக் கூடாது

நெஞ்சு அழுத்தி, இடது கை வலித்து, வியர்த்தால் 108ஐ அழையுங்கள், அல்லது ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். 2023இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டேட்டின் ஆகிய மூன்று மருந்துகளில் 14 மாத்திரைகளை அங்கேயே தருகிறார்கள்.

வாய் கோணினாலோ, ஒரு பக்கக் கை விழுந்தாலோ, பேச்சு குழறினாலோ நீங்களாக எந்த மாத்திரையும் தராதீர்கள். அது ரத்தக்கசிவாகவும் இருக்கலாம். ஸ்கேன் பார்த்தால்தான் தெரியும். அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரமே கெடு. திருவண்ணாமலை மருத்துவமனைக்கோ முண்டியம்பாக்கம் மருத்துவமனைக்கோ போகும் நேரமும் அதற்குள் அடக்கம்.

புகையை விட்ட ஓராண்டில், புகைப்பவரோடு ஒப்பிட்டால் இதயநோய் ஆபத்து பாதியாகக் குறைகிறது. புகையிலையை விட உதவிக்கு 1800-11-2356, குடி, கஞ்சாவுக்கு 14446. இரண்டும் இலவச எண்கள். இன்றே பேசுங்கள்.