ஓடைக் கரை மரமும் வௌவாலும்

வௌவாலைப் பார்த்திருப்பீர்கள். அது பறவை இல்லை. குட்டி போட்டுப் பால் கொடுக்கும் பிராணி. பெரும்பாலான வகைகள் ஒரு தடவைக்கு ஒரு குட்டிதான் போடும். எண்ணிக்கை குறைந்துவிட்டால் மறுபடி பெருக நாளாகும்.

காட்டை வெட்டினால் இந்த வௌவால் எங்கே போகும்?

கோவை மாவட்டத்தில் உள்ள வால்பாறையைப் பாருங்கள். சுற்றிலும் ஆனைமலைக் காடு. 1890-களில் அங்கே தோட்டம் போட ஆரம்பித்தார்கள். பெரிய பெரிய மரங்களை வெட்டிச் சாய்த்தார்கள். காப்பி வைத்தார்கள். தேயிலை வைத்தார்கள். இன்று கண்ணுக்கு எட்டிய தூரம் தேயிலை. நடுவில் துண்டு துண்டாகப் பழைய காடு நிற்கிறது.

எந்த இடத்தில் எந்த வௌவால் இருக்கிறது? ஆராய்ச்சியாளர்கள் இரவில் போய்ப் பார்த்தார்கள். வலை கட்டிப் பிடித்தார்கள். வௌவாலின் குரலைக் கருவியில் பதிவு செய்தார்கள். பூச்சி தின்னும் வௌவால் குரல் கொடுத்துக்கொண்டே பறக்கும். குரல் பூச்சியின் மேல் பட்டுத் திரும்பும். அந்த எதிரொலியைக் கேட்டு இருட்டில் இரை பிடிக்கும். பெரும்பாலும் அந்தக் குரல் நம் காதுக்குக் கேட்காது.

2017-இல் முடிவு வெளிவந்தது. துண்டுக் காட்டில் பெரிய காட்டைப் போலவே பலவிதமான வௌவால்கள் இருந்தன. மர நிழலில் வளரும் காப்பித் தோட்டத்திலும் அப்படியே. தேயிலையில்தான் அடி விழுந்திருந்தது. பழம் தின்னும் வௌவால், பெரிய உடம்புக்காரன், குட்டையான அகன்ற இறக்கை உள்ளவன் ஆகியவற்றுக்கே அதிக பாதிப்பு. அகன்ற இறக்கை எதற்கு? கிளைகளுக்கு நடுவே மெதுவாக வளைந்து திரும்புவதற்கு. இடுப்பளவுக்குக் கவாத்து செய்த செடியில் கிளை ஏது? பொந்து ஏது? பழம் ஏது?

தேயிலைக்குள் ஓடும் ஆறுகளையும் பார்த்தார்கள். இங்கேதான் முக்கியமான செய்தி. கரையில் காட்டு மரங்களை விட்டுவைத்த இடத்தில் இழப்பு மிகவும் குறைவு. கரை மொட்டையாக இருந்த இடத்தில் அதிகம். கரையில் ஒரு வரிசைக் காடு! ஏக்கர் கணக்கில் தேயிலையை அழிக்கச் சொல்லவில்லை.

மைசூரைச் சேர்ந்த நேச்சர் கன்சர்வேஷன் பவுண்டேஷன், தோட்டக் கம்பெனிகளோடு சேர்ந்து, 2000-களின் தொடக்கத்திலிருந்து துண்டுக் காடுகளில் நாட்டு மரங்களை நட்டுவருகிறது. வௌவாலும் தன் பங்குக்கு நடுகிறது. அத்திப் பழத்தைத் தின்றுவிட்டுப் பறந்துகொண்டே எச்சம் போடும். ஆள் இறங்க முடியாத சரிவிலும் விதை போய் விழும்.