நாய்க்கும் துக்கம் விசாரிக்கலாம்

உட்காருங்கள் தம்பி, டீ வரட்டும். துபாயிலிருந்து லீவில் வந்திருக்கிறீர்கள். வீட்டு நாய் செத்து மாதம் ஒன்றாகப் போகிறது. அம்மா இன்னும் சரியாகச் சாப்பிடவில்லை, ராத்திரியில் எழுந்து கொல்லைக் கதவைத் திறந்து பார்க்கிறார். "அப்பா தவறினப்பகூட இப்படி இல்லண்ணே, ஒரு நாய்க்குப் போயி..." என்று பாதியில் நிறுத்திவிட்டீர்கள். அம்மாவுக்கு மனம் ஏதும் பிசகிவிட்டதோ என்ற பயம் உங்களுக்கு. அப்படி ஒன்றும் இல்லை. ஏன் என்று சொல்கிறேன், அவசரமில்லாமல் கேளுங்கள்.

அந்த நாய் வீட்டில் என்ன வேலை பார்த்தது? காவல் என்பீர்கள். முந்திரிக்கொல்லை ஓரத்து வீடு, பாம்பு பூச்சி வரும் இடம், குரைக்க ஒன்று வேண்டியதுதான். ஆனால் அதைவிடப் பெரிய காரியம், அது அம்மாவுக்கு வேலை கொடுத்தது. மீன்சுருட்டியைச் சுற்றி எந்தத் தெருவில் வேண்டுமானாலும் நடந்து பாருங்கள். பிள்ளைகள் சிங்கப்பூரில், வளைகுடாவில், திருப்பூரில், சென்னையில். வீட்டில் வயதானவர் ஒருவர், மிஞ்சினால் இருவர். ஒற்றை ஆளுக்காக உலை வைக்க யாருக்கு மனம் வரும்? பழையதைக் கரைத்துக் குடித்துவிட்டுப் படுத்துவிடுவார்கள். நாய் இருந்தால் சோறு வடித்தே ஆக வேண்டும். அதற்கு உண்ணி எடுக்க வேண்டும், மழை வந்தால் சாக்கு விரிக்க வேண்டும், தெருவில் சண்டைக்குப் போனால் பேர் சொல்லி அதட்டிக் கூப்பிட வேண்டும். நீங்கள் விமானம் ஏறிய அன்று அம்மாவின் கைக்கு வேலை போயிற்று. அதைத் திருப்பிக் கொடுத்தது அந்த நாய்தான்.

இது வெறும் பழக்கம் மட்டுமல்ல, உடம்பிலேயே நடக்கிறது. பால் கொடுக்கும் தாய்க்கும் குழந்தைக்கும் இடையில் பாசத்தை இறுக்குகிற சுரப்பு ஒன்று உண்டு, ஆக்சிடோசின் என்று பெயர். நாயும் வளர்ப்பவரும் ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தால் இருவர் உடம்பிலும் அதே சுரப்பு கூடுகிறது என்று 2015-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டார்கள். மனிதர் கையில் வளர்ந்த ஓநாய்களிடம் அது நடக்கவில்லை. நம்மோடு வாழ்ந்து வாழ்ந்து நாய் கற்றுக்கொண்ட பார்வை அது. அதற்கு முந்தைய ஆண்டு, அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், சின்னக் குழந்தையும் நாயும் வைத்திருக்கிற பதினான்கு தாய்மார்களுக்குத் தங்கள் பிள்ளையின் படத்தையும் தங்கள் நாயின் படத்தையும் காட்டி மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். பாசத்துக்கும் மகிழ்ச்சிக்கும் உரிய பல பகுதிகள் இரண்டு படத்துக்குமே விழித்தன. ஆனால் முழுக்க ஒன்றல்ல. பிள்ளையைப் பார்க்கும்போது மட்டும் விழித்த இடமும் மூளையில் இருந்தது. சிறிய ஆய்வுதான். இருந்தாலும் எனக்கு அது ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறது: உங்கள் இடத்தில் அம்மா நாயை வைக்கவில்லை. உங்கள் இடம் அப்படியேதான் இருக்கிறது. பக்கத்தில் இன்னோர் இடம் முளைத்திருக்கிறது.

இன்னொன்றும் உண்டு, இதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பிள்ளை வளர்கிறது. பள்ளிக்கூடம் போகிறது, எதிர்த்துப் பேசுகிறது, கல்யாணமாகி விலகுகிறது. ஒவ்வொரு படியிலும் தாய் கொஞ்சம் கொஞ்சமாகக் கையை விடப் பழகுகிறாள். நாய்க்கு அந்தப் படிகள் இல்லை. நாயின் அறிவை அளந்து பார்த்தவர்கள் அது சுமார் இரண்டு, இரண்டரை வயதுக் குழந்தையின் அளவுக்கு நிற்கிறது என்கிறார்கள். பத்துப் பன்னிரண்டு வருடம் வாழ்ந்து, முகம் நரைத்து, கண்ணில் பூ விழுந்து சாகும்போதும் சோற்றுக்கு அது அம்மாவின் முகத்தைத்தான் பார்த்திருக்கும். நம் கண்ணுக்கு அது கிழட்டு நாய். அம்மாவுக்குச் செத்தது கைக்குழந்தை.

அப்பாவின் சாவோடு ஒப்பிட்டீர்களே, அதற்கும் வருகிறேன். அப்பா போனபோது ஊரே வந்தது. பந்தல் போட்டார்கள், பறை அடித்தார்கள், பெண்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள். பால் தெளித்தார்கள், பதினாறாம் நாள் கருமாதி நடந்தது. அழ ஒரு நாள், அழுகையை அடக்கிக்கொள்ள ஒரு நாள், தலை முழுகி எழுந்திருக்க ஒரு நாள் என்று ஊர் அம்மாவைக் கைப்பிடித்து நடத்திச் சென்றது. இந்தச் சாவுக்கு என்ன நடந்தது? யாரோ மண்வெட்டியோடு வந்து குழி வெட்டினார்கள். மறுநாள் காலை பால்காரர் கேட்டிருப்பார், "நாயக் காணோமே?" அவ்வளவுதான். கறவை மாடு செத்தால்கூடத் தெருவே வந்து நின்று விசாரிக்கும், ஏனென்றால் அது பண நஷ்டம். நாய்க்கு அழுதால் சிரிப்பார்கள் என்று அம்மாவுக்குத் தெரியும். அதனால்தான் ராத்திரியில் தனியாக எழுந்து கதவைத் திறக்கிறார்.

ஊர் துக்கம் என்று ஒத்துக்கொள்ளாத துக்கம் இப்படி உள்ளேயே தங்கிவிடும் என்று கென்னத் டோக்கா என்ற அமெரிக்க அறிஞர் 1989-ல் எழுதினார். பிரிட்டனில் புளூ கிராஸ் அமைப்பு, செல்லப்பிராணியை இழந்தவர்கள் போன் செய்து பேசுவதற்கென்றே 1994 முதல் ஒரு சேவை நடத்துகிறது. நம் ஊரில் பிள்ளை இல்லாத தம்பதிகளை நினைத்துப் பாருங்கள். "பிள்ளை இல்லாத குறைக்கு நாயைக் கொஞ்சுறா" என்று முதுகுக்குப் பின்னால் பேசும் ஊர், அந்த நாய் செத்ததும் அந்தப் பெண்ணிடம் என்ன சொல்லும்? ஒன்றும் சொல்லாது. அந்த மௌனத்தைவிடக் கொடுமையான ஏச்சு எனக்குத் தெரிந்து இல்லை.

இது பட்டணத்துப் புதுப் பழக்கம் என்று நினைக்காதீர்கள். திருவண்ணாமலை மாவட்டம் எடத்தனூரில் ஒரு நடுகல் நிற்கிறது. முதலாம் மகேந்திரவர்ம பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டு, அதாவது ஏழாம் நூற்றாண்டு. எருமை மந்தையைக் காக்கப் போராடிச் செத்த கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு எடுத்த கல். அதே கல்லில் அவனுடைய நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது; கோவிவன் என்று அதன் பெயரும், கள்ளரைக் கடித்து அது காவல் நின்ற செய்தியும் வெட்டப்பட்டிருக்கின்றன. எத்தனை மனிதர்களின் பெயர் ஆயிரத்து நானூறு வருடம் நிற்கிறது, சொல்லுங்கள்?

இன்னொரு கல் நம் பக்கத்துக் கதையோடு ஒட்டியது. இங்கிருந்து காட்டுமன்னார்கோயில் ரோட்டில் போனால் வீராணம் ஏரி. அதை வெட்டியவன் முதலாம் பராந்தகனின் மகன் ராஜாதித்தன் என்பது வழிவழியாக வரும் செய்தி. அவன் 949-ல் தக்கோலப் போரில் யானைமேல் இருந்தபடியே இறந்தான். எதிர்ப்பக்கம் நின்று போரிட்ட கங்க மன்னன் பூதுகன், மணலேரன் என்ற தன் வீரனை மெச்சி, "என்ன வேண்டும், கேள்" என்றான். ஊரோ பொன்னோ கேட்டிருக்கலாம். மணலேரன் கேட்டது மன்னனின் வேட்டை நாய் காளியை. பிறகு ஒரு பெரிய காட்டுப்பன்றியோடு மோதி அந்த நாயும் பன்றியும் ஒன்றாகச் செத்தன. மணலேரன் கர்நாடகத்து ஆதகூரில், கோயில் முன்னால் காளிக்குக் கல் நட்டு, அதற்குப் பூசை நடக்க நிலமும் விட்டான். அந்தக் கல் இன்று பெங்களூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சோழ இளவரசனின் சாவும் ஒரு நாயின் சாவும் ஒரே கல்லில். நம் காலத்திலும் மானாமதுரைக்குப் பக்கத்தில் ஓய்வு பெற்ற அரசு ஊழியர் ஒருவர், 2021-ல் இறந்த தன் நாய் டாமுக்கு மறு வருடம் சொந்த நிலத்தில் சலவைக்கல் சிலை வைத்துச் சிறு கோயில் கட்டினார். பத்திரிகைகளில் வந்தது. எண்பது வயது தாண்டிய மனிதர் அவர்.

அம்மாவிடம் ஒன்றை மட்டும் மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். "முன்னாடியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கணும்" என்று உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருக்கிறாரா? பலருக்கும் அது இருக்கும். நாய் வலியைக் காட்டிக்கொள்ளாத பிராணி. உதாரணமாக, சிறுநீரகம் பழுதாகிச் சோற்றை ஒதுக்கத் தொடங்கும்போது நோய் பெரும்பாலும் முற்றியிருக்கும். ஜெயங்கொண்டம் கால்நடை மருத்துவமனைக்கு அழைத்துப்போய், அங்கிருந்து ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்கே கொண்டுபோயிருந்தாலும் அந்தக் கட்டத்தில் நாளைத் தள்ளிப்போட்டிருக்கலாம், அவ்வளவுதான். இதைப் பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதைவிட டாக்டர் வாயால் அம்மா கேட்பது நல்லது. ஒருநாள் கூட்டிப் போங்கள்.

அப்புறம், இப்போதே குட்டி வாங்கித் தருகிறேன் என்று சொல்லாதீர்கள். செத்த பிள்ளைக்கு ஈடாக வேறொன்றைக் கொண்டுவந்து வைப்பதுபோல அவர் காதில் விழும். முதலில் அந்த நாயைப் பேர் சொல்லிப் பேசுங்கள். நீங்கள் ஊரில் இல்லாத வருடங்களில் அது என்னென்ன குறும்பு செய்தது என்று கேளுங்கள். புதைத்த இடத்தில் ஒரு கன்று நடவா என்று கேளுங்கள். விருப்பப்பட்டால் அமாவாசைக்கு ஒரு இலை போட்டு அதற்குப் பிடித்ததைப் படைக்கட்டும். கேலி செய்பவர்களை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

குட்டியை அவரே கேட்கும் நாள் வரலாம், வராமலும் போகலாம். வந்தால், ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் பார்வோ, டிஸ்டெம்பருக்கு முதல் ஊசி, மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி, பிறகு வருடா வருடம். அதற்கு முன்னால் இன்னொரு பேச்சு இருக்கிறது. அம்மாவுக்கு இப்போது அறுபத்தைந்துக்கு மேல் இருக்கும்; நாய் பன்னிரண்டு வருடம் வாழும். "எனக்கப்புறம் இதை யார் பாப்பாங்க?" என்ற கேள்வி அவர் மனதில் கட்டாயம் இருக்கும், வாய்விட்டுக் கேட்க மாட்டார். நீங்கள் விமானம் ஏறுவதற்கு முன்பே அதற்குப் பதில் சொல்லிவிடுங்கள்: சித்தப்பா வீடா, தங்கச்சி வீடா, யார் பொறுப்பு என்று அவர்களையும் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசி முடித்துவிடுங்கள்.