அரசின் சமநோக்கும் அண்டை வீட்டுக் கதவும்

1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் பேராசிரியர் கே. டி. ஷா, இந்தியா மதச்சார்பற்ற நாடு என்பதைச் சாசனத்தின் முதல் ஷரத்திலேயே எழுதிவிட வேண்டுமென்று கொண்டுவந்த திருத்தம் அங்கீகரிக்கப்படவில்லை. அச்சொல் முகவுரையில் இடம்பெற்றது 1976-ஆம் ஆண்டின் 42-ஆவது திருத்தத்தினால்தான். ஆயினும், வழிபாட்டுச் சுதந்திரம் வழங்கும் 25 முதல் 28 வரையிலான ஷரத்துகள் ஆதியிலிருந்தே இருந்தமையால், ராஜ்யத்தின் கொள்கை இன்னதென்பதில் சந்தேகத்துக்கு இடமிருக்கவில்லை.

ஜனங்களின் மனோபாவமோ அத்தனை எளிதில் வரையறுக்கக் கூடியதன்று. அமெரிக்காவின் பியூ ஆய்வு நிறுவனம் ஏறத்தாழ 30,000 இந்தியர்களை வினவி 2021-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, மெய்யான இந்தியராக இருப்பதற்கு எல்லாச் சமயங்களையும் மதித்தல் மிக முக்கியம் என்றவர்கள் நூற்றுக்கு 84 பேர். இந்துக்களில் 64 சதவீதத்தினர், அதற்கு இந்துவாக இருத்தலும் மிக முக்கியம் என்றனர். இந்துக்களிலேயே 36 சதவீதத்தினர், முஸ்லிம் ஒருவர் அண்டை வீட்டில் குடியிருக்க இசையவில்லை. சமணர்களிடையே இது 54 சதவீதம். தம் சமயப் பெண்கள் வேற்றுச் சமயத்தில் மணம் புரிவதைத் தடுப்பது மிக முக்கியம் என்ற முஸ்லிம்களோ 80 சதவீதத்தினர்.

இம்முரண்பாட்டைப் பாசாங்கு என்று ஒதுக்கிவிடுவது நியாயமாகாது. அவரவர் கோயிலும் பள்ளிவாசலும் அவரவர்க்கு, வீதி மட்டும் பொது என்ற நெடுங்கால ஏற்பாட்டையே நம்மவர் சமய சமரசம் என்று மனப்பூர்வமாகக் கருதுகின்றனர். ஆனால் வாடகையும் அட்வான்சும் போனில் பேசி முடிந்தபின், பெயரைக் கேட்டதும், “வீட்டை நேத்தே வேற ஒருத்தருக்குப் பேசிட்டோமே” என்ற பதிலைப் பெறும் முஸ்லிம் குடும்பத்தலைவருக்கு அந்தச் சமரசத்தினால் ஆகப்போவதென்ன?

இவ்விடத்தில் சட்டமும் துணைக்கு வருவதில்லை. கடை, உணவகம், கிணறு, குளம் ஆகியவற்றில் சமயபேதம் காட்டலாகாது என்று விதிக்கும் 15-ஆவது ஷரத்தின் பட்டியலில் வாடகை வீடு இல்லை. அகமதாபாத் பார்சி வீட்டுவசதிச் சங்கம் தன் சமயத்தார்க்கு மட்டுமே அங்கத்தினர் உரிமை அளிப்பது செல்லும் என்று 2005-இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. சிறு சமூகமொன்று தன்னைக் காத்துக்கொள்ள விழைவது விளங்குகிறது. அதே நியாயம் பெரும்பான்மையோர் கைக்கு வரும்போது, அது ஊரின் ஒரு மூலைக்குப் பிறரைத் தள்ளும் கருவியாகிவிடுகிறது என்பதே என் கவலை. ஆகவே, முஸ்லிம்களின் நிலையை ஆராய்ந்த சச்சார் குழு 2006-இல் பரிந்துரைத்த சமவாய்ப்பு ஆணையத்தை மத்திய அரசு உடனே நிறுவி, குடியிருப்பையும் அதன் அதிகாரத்துக்குள் கொண்டுவர வேண்டும்.