‘இந்த வயசுலயா?’ என்று கேட்கும் தெரு

நாற்பதை நெருங்கும் வயதில் முழுகாமல் இருக்கும் பெண், நம் காலனிகளில் முதலில் செய்வது அதை மறைப்பதுதான். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொள்கிறார். நடவுக்கும் களையெடுப்புக்கும் எப்போதும்போலப் போகிறார். தலைசுற்றலுக்கு மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறார். நாலு மாதம், ஐந்து மாதம் இப்படியே ஓடிவிடும். அதற்குமேல் மறைக்க முடியாது. அப்போது போய் நின்றால், ‘ஏம்மா இத்தன நாளா வரல?’ என்று நர்ஸம்மா கேட்பார். ‘வெக்கமா இருந்துச்சு’ என்பதுதான் பதில்.

அந்த வெட்கம் எங்கிருந்து வருகிறது என்பதும் நமக்குத் தெரியும். ‘பேரன் எடுக்குற வயசுல வவுத்தத் தள்ளிக்கினு நிக்கிறா பாரு’ என்று குழாயடியில் பேசுவது ஊர்த்தெருக்காரர்கள் இல்லை. நம் அத்தைகளும் நாத்தனார்களும்தான். பஞ்சமி நிலம், சுடுகாட்டுப் பாதை, வன்கொடுமை வழக்கு என்று எழுதும் பத்தியில் இது எதற்கு என்று சிலர் நினைக்கலாம். மறைக்கிற அந்த ஐந்து மாதத்தில் ஆபத்தில் இருப்பது இரண்டு உயிர். அதனால் எழுதுகிறோம்.

நம் வீடுகளில் பிள்ளைப்பேறு தள்ளிப்போவது பெரும்பாலும் அந்தப் பெண் உட்கார்ந்து யோசித்து எடுத்த முடிவு இல்லை. வீட்டின் மூத்த பெண், கல்லூரிப் படி ஏறிய முதல் தலைமுறை. பி.எட். முடித்துவிட்டு ஆசிரியர் தகுதித் தேர்வு, குரூப் 4 என்று எழுதிக்கொண்டே இருப்பாள். தனியார் பள்ளிச் சம்பளத்தில் தம்பியின் படிப்பும் தங்கையின் கல்யாணமும் நடக்கும். அவளுக்குக் கல்யாணம் ஆகும்போது வயது முப்பத்து மூன்று. இன்னொருத்தி பதினாறு, பதினேழு வயதில் நூற்பாலைக்குப் போனவள். கோவை, திருப்பூர், திண்டுக்கல் பக்கத்து மில்களுக்கு ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில் பெண்பிள்ளைகளை அழைத்துப் போனார்கள். மூன்று வருடம் விடுதியில் தங்கி உழைத்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை. போனவர்களில் கணிசமானோர் நம் பிள்ளைகள். பஞ்சுத் தூசியும் இரவு ஷிப்டுமாக இருந்துவிட்டு, உடம்பில் ரத்தம் குறைந்து திரும்பியவர்கள் அவர்களில் உண்டு.

பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு மறுபடி பெற நினைப்பவர்களும் இருக்கிறார்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் இறந்தார்கள். அதே வருடம் டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தது. பிள்ளைகளை இழந்த தாய்மாரில் பலர் ஏற்கெனவே குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டவர்கள். கட்டிய கருக்குழாயைத் திரும்ப இணைக்கும் அறுவை சிகிச்சை செய்துகொண்டு அவர்களில் சிலர் மறுபடி தாயானார்கள். ஆழிப்பேரலைக்குப் பிறகு அந்த சிகிச்சைக்கு அரசே உதவியது. அந்தத் தாய்மாரை நாடே கண்ணீரோடு பார்த்தது. பாம்பு கடித்தோ கிணற்றில் விழுந்தோ பிள்ளையை இழந்த நம் தெருப் பெண் முப்பத்தெட்டு வயதில் அதையே கேட்டால், ‘இருக்கற ஒண்ணு போதாதா?’ என்கிறோம்.

செஞ்சி பக்கத்துக் காலனி ஒன்றில் 41 வயதுப் பெண் ஒருவரிடம் பேசினோம். பெயர் வேண்டாம் என்றார். கல்யாணமாகிப் பதினாறு வருடம். வருடத்தில் பாதி நாள் கணவரோடு கரும்புக் காட்டில்: சோகை உரிப்பது, வெட்டுவது, கட்டைத் தலையில் சுமந்து டிராக்டரில் ஏற்றுவது. பிள்ளை இல்லாத வருடங்களில் வளைகாப்பு வீடுகள்தான் அவருக்குப் பெரிய தண்டனை. ‘நீயும் வந்து ஒரு வளையல் போடுன்னு யாரும் கூப்பிட மாட்டாங்க. கூப்பிடாம உட்டாங்கன்னு தெரியறதுக்கு முன்னாடியே நான் எழுந்து அடுப்பாண்ட போய் உக்காந்துக்குவேன்’ என்றார்.

கோயில் கோயிலாகப் போனார். மண்சோறு சாப்பிட்டார். பதினாலு வருடம் பரிசோதனை எல்லாம் அவருக்கு மட்டும்தான் நடந்தது. கணவர் ஒருமுறைகூட ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கவில்லை. கடைசியில் அரசு மருத்துவமனையில் ஒரு டாக்டர் கண்டிப்பாகச் சொன்னதால் அவருக்கும் விந்துப் பரிசோதனை நடந்தது. குறை அவரிடம் இருந்தது. சாராயத்தை விட்டு, மாத்திரை சாப்பிட்டு, ஒன்றரை வருடத்தில் மனைவிக்கு நாள் தள்ளிப் போனது. அந்தச் சந்தோஷத்தையும் வெளியில் சொல்லாமல் ஐந்தாம் மாதம்வரை மறைத்தார். கண்ணு பட்டுவிடும் என்று பயம், சிரிப்பார்களே என்று வெட்கம். முதல்முதலாக ரத்த அழுத்தம் பார்த்தபோது 150/100. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். எட்டாம் மாத முடிவில் அறுவை சிகிச்சை செய்து குழந்தையை எடுத்தார்கள். பெண் குழந்தை, இப்போது ஏழு மாதம், நன்றாக இருக்கிறது. ‘கொழந்த இல்லாதப்பவும் பேசனாங்க, வந்தப்பவும் பேசனாங்க’ என்று சொல்லிவிட்டு அவர் சிரித்தார். நமக்குச் சிரிப்பு வரவில்லை.

பிள்ளை இல்லை என்றால் பெண்ணை மட்டும் சோதிப்பது மருத்துவம் சொல்லும் வழி இல்லை. காரணம் ஆணிடம் இருப்பதும் ஏறக்குறைய அதே அளவுக்குச் சகஜம். செலவு குறைந்த, வலியே இல்லாத பரிசோதனை விந்துப் பரிசோதனைதான். முதலில் நடக்க வேண்டியதும் அதுதான். முப்பத்தைந்து வயதுக்குள் இருப்பவர்கள் ஒரு வருடம் பார்த்துவிட்டு டாக்டரிடம் போகலாம். முப்பத்தைந்தைத் தாண்டியவர்கள் ஆறு மாதத்திலேயே போய்விட வேண்டும். பெண் பிறக்கும்போதே அவள் உடம்பில் 10 முதல் 20 லட்சம் கருமுட்டைகள் இருக்கின்றன. வயதுக்கு வரும்போது 3, 4 லட்சம்தான் மிச்சம். முப்பத்தைந்துக்குப் பிறகு எண்ணிக்கையும் தரமும் வேகமாக இறங்குகின்றன. மண்சோற்றில் கழித்த வருடங்களைத் திரும்பப் பெற முடியாது.

நாற்பதைத் தாண்டியவர்களிடம் இன்னொரு குழப்பம். மாதவிலக்கு வராமல் போனால், நின்றுவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். (‘தீட்டு நின்னுபோச்சு’ என்றுதான் நம் வீடுகளிலும் சொல்கிறோம். தீட்டு என்ற அந்தச் சொல்லால் அடிபட்டவர்கள் நாம். அதை நம் பெண்களின் உடம்புக்கு இன்னும் வைத்திருப்பது ஏனோ.) நாற்பத்திரண்டு, நாற்பத்து மூன்றில் நாள் தள்ளினால் முதலில் சிறுநீர்ப் பரிசோதனை செய்துவிடுவது நல்லது. அந்தக் கரு வேண்டாம் என்று முடிவெடுக்கவும் சட்டம் இடம் தருகிறது. கருத்தடை முறை பலிக்காமல் உண்டான கருவை 20 வாரம்வரை ஒரு டாக்டரின் கருத்தோடு கலைக்கலாம். நாட்டு மருந்து, பப்பாளி, மெடிக்கல் மாத்திரை என்று இறங்க வேண்டியதில்லை.

வயது கூடினால் என்ன ஆபத்து? ரத்த அழுத்தம், கர்ப்பகாலச் சர்க்கரை இரண்டும் முதலில் நிற்கும். சர்க்கரைக்கு, 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த தண்ணீரைக் குடிக்கச் சொல்லி இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். 140க்கு மேல் போனால் கவனம் வேண்டும். ரத்த அழுத்தத்துக்கு எல்லை 140/90. ஹீமோகுளோபின் 11க்குக் கீழ் இருந்தால் ரத்தசோகை, 7க்குக் கீழ் போனால் அது உயிர் ஆபத்து. டவுன் சிண்ட்ரோம் என்ற பிறவிக் குறைபாடு 25 வயதுத் தாய்க்கு ஏறக்குறைய 1,250 பேரில் ஒருவருக்கு. 40 வயதில் 100 பேரில் ஒருவருக்கு. நூறில் தொண்ணூற்று ஒன்பது பேருக்கு அந்தக் குறை இல்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். இதற்கான ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் மூன்றாம் மாதத்திலிருந்து ஐந்தாம் மாதத்துக்குள் நடப்பவை. ஒளித்துவைத்த மாதங்களும் அவைதான்.

இந்த வெட்கம் பழைய வழக்கமும் கிடையாது. அம்மாவும் மகளும் ஒரே வருடத்தில் பிள்ளை பெற்ற வீடுகளை நம் ஆயாக்கள் பார்த்திருக்கிறார்கள். அக்கா மகனைவிடச் சின்னவரான மாமன்கள் இன்றும் ஊரில் உண்டு. புதுச்சேரி பக்கத்தில் பண்ணைக் கூலியாகவும் மருத்துவச்சியாகவும் இருந்த வீரம்மா, தன் வாழ்க்கைக் கதையை நூலாகச் சொல்லியிருக்கிறார். பன்னிரண்டு பெற்று மூன்றுதான் அவருக்குத் தங்கியது. அண்ணல் அம்பேத்கர் தன் பெற்றோருக்கு 14ஆவது, கடைசிப் பிள்ளை. அவர் சிறுவனாக இருக்கும்போதே தாய் பீமாபாய் இறந்துபோனார். அண்ணலின் மனைவி ரமாபாய் பெற்ற ஐந்து பேரில் யஷ்வந்த் மட்டுமே பிழைத்தார்.

1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் ஆலைப் பெண்களுக்கான பேறுகால உதவி மசோதாவை அண்ணல் ஆதரித்துப் பேசினார். பேறுகாலத்துக்கு முன்னும் பின்னும் தாய் ஓய்வெடுப்பது நாட்டுக்கே நல்லது, ஆகவே அந்தச் சுமையை அரசு ஏற்க வேண்டும் என்பது அவர் வாதம். மறு வருடம் அது சட்டமானது. 1938இல் குடும்பக் கட்டுப்பாட்டுக்கு ஆதரவான தீர்மானம் அவர் தரப்பிலிருந்து அதே மாகாணச் சபைக்கு வந்து தோற்றது. பெறுகிறவளுக்கு ஓய்வு, வேண்டாம் என்பவளுக்கு வழி என்று இரண்டையும் கேட்டவர் அவர். மாணவர்கள் இந்த உரையைத் தேடிப் படிக்கலாம். கரும்பு வெட்டும் பெண்ணுக்கு அந்த ஓய்வு இன்னும் வந்து சேரவில்லை என்பது புரியும்.

வந்து சேர்வது என்ன? டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் 18,000 ரூபாய் உண்டு. இதில் 14,000 தவணைகளாக வங்கிக் கணக்கில் ஏறும். மீதிக்கு ஊட்டச்சத்துப் பெட்டகம். 19 வயது ஆகியிருக்க வேண்டும், முதல் இரண்டு பேறாக இருக்க வேண்டும், 12 வாரத்துக்குள் பதிய வேண்டும். முப்பத்தொன்பதில் தலைச்சன் பிள்ளை பெறுபவருக்கும் இது முழுதாக உண்டு. ஆனால் ஐந்தாம் மாதம் போய் நின்றால், பதிவு ஏன் தாமதம் என்பதில் சிக்கல் தொடங்கும். கர்ப்பத்தைப் பதியும்போது தரும் பிக்மி எண் குழந்தையின் பிறப்புச் சான்றுக்கும் தேவை. ஆரம்ப சுகாதார நிலையங்களில் செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகளுக்கான நாள். மாதந்தோறும் 9ஆம் தேதி டாக்டரின் இலவசப் பரிசோதனை நடக்கிறது. வயது அதிகமானவர்கள் இரண்டையும் விடக்கூடாது.

பணம் உள்ளவர்களுக்குத் தனியார் கருத்தரிப்பு மையங்கள் இருக்கின்றன. விழுப்புரம், திண்டிவனம், கடலூர்ச் சாலைகளில் அவர்களின் விளம்பரப் பலகைகளைக் காணலாம். லட்சக்கணக்கில் செலவாகும், குழுக் கடன் வாங்கிக் கட்டிவிட்டுப் பலிக்காமல் வந்தவர்களும் இருக்கிறார்கள். 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்ணுக்கு 50 வயதுவரை, ஆணுக்கு 55 வயதுவரைதான் இந்தச் சிகிச்சை தரலாம். வயது போன பெண்ணுக்குப் பெரும்பாலும் இன்னொரு பெண்ணின் கருமுட்டைதான் வைக்கிறார்கள். கொடுப்பவர் 23 முதல் 35 வயதுக்குள் இருக்க வேண்டும், வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் கொடுக்கலாம், விற்கக் கூடாது. சட்டம் அப்படிச் சொல்கிறது. 2022இல் ஈரோட்டில் 16 வயதுச் சிறுமியின் கருமுட்டைகள், ஆதாரில் வயதை மாற்றிக் காட்டி, பலமுறை விற்கப்பட்டது வெளிவந்தது. யாரோ ஒரு வீட்டின் தாமதமான பிள்ளைக்கு ஏழை வீட்டுச் சிறுமியின் உடம்பு கடையாகிறது. ‘ஒருமுறை கொடுத்தால் இவ்வளவு’ என்று மில் விடுதிக்கோ காலனிக்கோ தரகர் யாராவது வந்தால், அது குற்றம் என்று நம் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தத்தெடுக்க விரும்புவோர் வயதைக் கணக்குப் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு வயதுக்குள் உள்ள குழந்தைக்குக் கணவன் மனைவி வயதைக் கூட்டினால் 85ஐத் தாண்டக் கூடாது. தனியாக எடுப்பவருக்கு 40. இரண்டு முதல் நாலு வயதுக் குழந்தைக்கு 90, தனியாக என்றால் 45. பெரிய குழந்தை என்றால் வரம்பும் கூடும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விவரம் கேட்கலாம். தத்து உத்தரவை இப்போது மாவட்ட ஆட்சியரே தருகிறார். காத்திருப்பு வருடக்கணக்கில் நீளும். அதைப் பயன்படுத்தி, ‘நேரா வாங்கித் தர்றேன்’ என்று சொல்கிறவர்களிடம் போகக் கூடாது. 2019இல் ராசிபுரத்தில் வெளியான குழந்தை விற்பனையில், கொல்லிமலை போன்ற இடங்களின் ஏழைத் தாய்மாரிடமிருந்து பிள்ளைகள் வாங்கப்பட்டது மாநிலத்துக்கே தெரிந்த சேதி.

கடைசியாக, நடைமுறையில் ஒரு விஷயம். பல கிராமங்களில் துணை சுகாதார நிலையம் ஊர்த்தெருவில் இருக்கிறது. வெட்கப்படும் பெண் அங்கே போக, ஊர் முழுக்கப் பார்க்க நடந்தாக வேண்டும். கிராம சுகாதார செவிலியர் மாதத்தில் இன்ன நாள் காலனிக்கு வந்து உட்கார்வார், ரத்த அழுத்தக் கருவியும் எடை இயந்திரமும் அங்கேயே இருக்கும் என்று கிராம சபையில் தீர்மானம் போடலாம். மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்தில் பல நாள் சபை கூடுகிறது. நம் கல்லூரிப் பிள்ளைகள் இரண்டு பேர் மனுவை எழுதி எடுத்துப் போனால் போதும். கையெழுத்துப் போட, குழாயடியில் பேசுகிற அத்தைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.