அமெரிக்க வரலாறு: எந்த ஆண்டிலிருந்து தொடங்குவது?

வாசிப்பு வட்டம் ஒன்றில் இளம் தோழர் ஒருவர் கேட்டார்: 'அமெரிக்க வரலாற்றை முறையாகப் படிக்கணும். எங்கேயிருந்து ஆரம்பிக்கிறது?' ஆளுக்கொரு பதில் சொன்னோம். கொலம்பஸ் வந்த 1492 என்றார் ஒருவர். சுதந்திரப் பிரகடனம் வெளியான 1776 என்றார் இன்னொருவர். 'வியட்நாமிலிருந்து ஆரம்பியுங்க, போதும்' என்று மூன்றாமவர் சொன்னதும் எல்லோரும் சிரித்துவிட்டோம்.

சிரித்துவிட்டு யோசித்தால், நம் சிக்கல் முழுவதும் அந்தச் சிரிப்பில்தான் இருக்கிறது. நமக்குத் தெரிந்தவை இரண்டு அமெரிக்காக்கள். ஒன்று குண்டு போடுகிற அமெரிக்கா. மற்றது விசா வாங்க வரிசையில் நிற்க வைக்கிற அமெரிக்கா. இரண்டிலும் அந்த நாட்டு மக்கள் கிடையாது. அவர்களுக்குள் நானூறு ஆண்டுகளாக நடந்துவரும் சண்டையும் கிடையாது. ஏகாதிபத்தியம் என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடிமையையும் ஆண்டையையும் சேர்த்துப் போட்டு மூடிவிடுகிறோம். இக்கட்டுரை அந்த மூடியைச் சற்றே திறந்து பார்க்கும் முயற்சி. 'தொடக்கம்' என்று சொல்லப்படும் சில ஆண்டுகளை வரிசையாக எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு தொடக்கமும் ஒவ்வொரு அமெரிக்காவைக் கட்டமைக்கிறது.

1492ஐத் தொடக்கமாக வைத்தால் அதற்கு முன்பு இருந்தது வெறும் காடு என்றாகிவிடும். இன்றைய செயின்ட் லூயிஸ் நகருக்கு அருகே, மிசிசிப்பி ஆற்றங்கரைச் சமவெளியில் கஹோக்கியா என்றொரு நகரம் இருந்தது. கி.பி. 1100 வாக்கில் அங்கு பத்தாயிரத்திலிருந்து இருபதாயிரம் பேர்வரை வாழ்ந்திருக்கலாம் என்பது ஆய்வாளர் கணிப்பு. கூடை கூடையாக மண் சுமந்து எழுப்பிய பெரிய மேடு, சுமார் 30 மீட்டர் உயரத்தில் இன்றும் நிற்கிறது. இத்தகைய மேடுகளைப் பார்த்த வெள்ளைக் குடியேறிகள், பூர்வகுடிகளின் முன்னோர் இவற்றைக் கட்டியிருக்க முடியும் என்று நம்பவில்லை. மறைந்துபோன வேறோர் உயர்ந்த இனம் கட்டியது, பிறகு வந்த 'காட்டுமிராண்டிகள்' அதை அழித்துவிட்டார்கள் என்று ஒரு கதை பரவியது. படித்தவர்களே அதை நம்பினார்கள்.

கதைதானே என்று விட்டுவிட முடியாது. பூர்வகுடிகளை மிசிசிப்பிக்கு மேற்கே வெளியேற்றும் சட்டம் 1830இல் வந்தது. அந்த ஆண்டு நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய செய்தியில் ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜாக்சன் இந்த மறைந்துபோன இனத்தைத்தான் சாட்சிக்கு இழுத்தார். ஒரு இனம் போய் இன்னொன்று வருவது உலக வழக்கம், இவர்களும் போகட்டும் என்பது அவர் வாதம். மேடுகளைக் கட்டியது பூர்வகுடிகளின் முன்னோரே என்று அரசு ஆய்வறிக்கையே நிறுவியது 1894இல். அதற்குள் நிலம் கைமாறி முடிந்துவிட்டது.

வெளியேற்றப்பட்டவர்கள் 'நாகரிகம்' அறியாதவர்களா? செரோக்கி மக்களை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலம் படிக்கத் தெரியாத செக்வோயா என்பவர் 1821 வாக்கில் தம் மொழிக்கு எண்பதுக்கும் மேற்பட்ட எழுத்துகள் கொண்ட எழுத்துமுறை ஒன்றைத் தாமே உருவாக்கி முடித்தார். 1827இல் அவர்கள் தங்களுக்கென்று அரசியல் சட்டம் எழுதிக்கொண்டார்கள். 1828இல் செய்தித்தாள் நடத்தினார்கள். 1832இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்கும் அவர்களுக்குச் சாதகமாகவே முடிந்தது. எதுவும் உதவவில்லை. 1838-39இல் ராணுவம் அவர்களை நடத்திக் கூட்டிச் சென்றது. சுமார் 16,000 பேரில் ஏறக்குறைய 4,000 பேர் இறந்துபோனார்கள் என்பது பரவலாக ஏற்கப்படும் கணக்கு. எழுத்து, அச்சு, சட்டம், நீதிமன்றம் என எல்லாம் வந்துவிட்டால் மதிப்பார்கள் என்று நம்புகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். வசதிபடைத்த செரோக்கியர் சிலர் கறுப்பின அடிமைகளை வைத்திருந்தார்கள். நடந்துபோன அந்தப் பாதையில் அந்த அடிமைகளும் நடந்தார்கள். ஒடுக்கப்படுகிறவர் என்பதாலேயே ஒருவர் ஒடுக்காதவர் ஆகிவிடுவதில்லை. இதை நம் ஊரில் விளக்க வேண்டிய தேவை இல்லை.

அடுத்த தொடக்கம் 1619. ஜூலை இறுதியில் வர்ஜீனியாவின் ஜேம்ஸ்டவுனில் ஆங்கிலக் குடியேறிகளின் முதல் பிரதிநிதிகள் சபை கூடியது. ஆகஸ்ட் மாதக் கடைசியில் இருபதுக்குச் சற்று மேற்பட்ட ஆப்பிரிக்கர்கள் அதே வர்ஜீனியாக் கரையில் கொண்டுவந்து விற்கப்பட்டார்கள். ஜனநாயகமும் அடிமைத்தனமும் ஒரே கோடையில் ஒரே கரையில் இறங்கின. ஒன்றைச் சாதனை என்றும் மற்றதைத் தவறிப்போன விபத்து என்றும் பிரித்துச் சொல்வது பிற்காலத்து ஏற்பாடு.

ஆனால் 'இனம்' என்பது அந்தக் கப்பலிலேயே வந்து இறங்கிவிடவில்லை. அது சட்டம் சட்டமாகச் செய்யப்பட்டது. ஆங்கிலேய வழக்கப்படி பிள்ளையின் நிலை தந்தையின் வழி வரும். வர்ஜீனியாவில் 1662இல் இதைத் தலைகீழாக்கினார்கள்: தாய் அடிமையென்றால் பிள்ளையும் அடிமை. ஆண்டைக்குப் பிறந்த பிள்ளை ஆண்டைக்கே சொத்தானது. ஒரு பெண்ணின் கருப்பையைக் கணக்குப் புத்தகத்தில் ஏற்றிய சட்டம் இது. பிறப்பை வைத்து மனிதரைப் பிரிக்கும் எந்த அமைப்பும் பெண்ணுடலைக் கையில் வைத்துக்கொள்ளாமல் நடக்காது என்று அம்பேத்கர் அகமணம் பற்றிச் சொன்னதோடு இதைச் சேர்த்து வாசிக்கலாம்.

1676இல் நதானியேல் பேக்கன் தலைமையில் நடந்த கலகத்தில் வெள்ளை ஒப்பந்தக் கூலிகளும் கறுப்பு அடிமைகளும் சேர்ந்து நின்றார்கள். ஜேம்ஸ்டவுன் எரிந்தது. அந்தக் கலகத்தைப் புரட்சி என்று கொண்டாடிவிடவும் முடியாது. அது தொடங்கியதே பூர்வகுடிகள்மீது இன்னும் கடுமையாகப் போர் தொடுக்க வேண்டும் என்ற கோரிக்கையோடுதான். எனினும் ஏழை வெள்ளையனும் கறுப்பனும் கைகோத்தால் என்ன ஆகும் என்பதை நிலவுடைமையாளர்கள் கண்டுகொண்டார்கள். 1705இன் அடிமைச் சட்டத் தொகுப்பு கறுப்பரின் உரிமைகளை நசுக்கியது. வெள்ளைக் கூலிக்குச் சின்னச் சின்னச் சலுகைகளைக் கொடுத்தது. கூலி உயரவில்லை, நிறம் உயர்ந்தது.

இப்போது 1776க்கு வருவோம். மனிதர் யாவரும் சமம் என்ற பிரகடனத்தை எழுதிய தாமஸ் ஜெஃபர்சன் தம் வாழ்நாளில் 600க்கும் மேற்பட்ட அடிமைகளை உடைமையாக வைத்திருந்தவர். 1787இல் எழுதப்பட்ட அரசியல் சட்டத்தில் 'அடிமை' என்ற சொல்லைத் தேடினால் கிடைக்காது. ஆனால் பிரதிநிதித்துவக் கணக்கில் ஐந்து அடிமைகளுக்கு மூன்று ஆள் என்ற விதி இருக்கும். தப்பியோடியவரைத் திருப்பித் தர வேண்டும் என்ற விதி இருக்கும். ஆள் இறக்குமதியை 1808வரை தடைசெய்யக் கூடாது என்ற விதியும் இருக்கும். ஒரு பிரதியில் சொல் இல்லை என்பதால் பொருளும் இல்லை என்று ஆகாது. இலக்கியப் பிரதிக்கு மட்டும் இந்த வாசிப்பை ஒதுக்கிவைத்துவிட்டுச் சட்டப் பிரதிகளை அப்பாவித்தனமாக வாசிக்கிறோம்.

1861-65 உள்நாட்டுப் போரையும் அதன் பிறகான 'மறுகட்டமைப்பு'க் காலத்தையும் (1865-77) தனியே கவனிக்க வேண்டும். அடிமைத்தனம் ஒழிந்தது. கறுப்பின ஆண்கள் வாக்குரிமை பெற்றார்கள். 1870இல் ஹைரம் ரெவல்ஸ் முதல் கறுப்பினச் செனட்டர் ஆனார். ஏறக்குறைய 2,000 கறுப்பர்கள் பல மட்டங்களில் அரசுப் பொறுப்புகளை வகித்தார்கள். 1877இல் கூட்டாட்சிப் படைகள் காவலைக் கைவிட்டன. தெற்கில் எல்லாம் பழையபடி திரும்பியது. இதற்குப் பிறகு நடந்ததுதான் விசேஷம். போரில் தோற்றவர்கள் வரலாற்றெழுத்தில் ஜெயித்தார்கள். கறுப்பர் ஆளத் தகுதியற்றவர், மறுகட்டமைப்பு ஒரு ஊழல் கூத்து என்ற பார்வையைக் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் வில்லியம் டன்னிங்கும் அவர் மாணவர்களும் 'அறிவியல்' வரலாறாக நிலைநிறுத்தினார்கள். 1935இல் கறுப்பின அறிஞர் டுபாய்ஸ் அதை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துப் போட்டார். கல்வித்துறை அவரைக் காதில் போட்டுக்கொள்ள இன்னும் முப்பது ஆண்டுகள் பிடித்தன.

டன்னிங் அங்கே பேராசிரியராக இருந்த காலத்தில்தான் (1913-16) அம்பேத்கர் அதே கொலம்பியாவில் படித்தார். 1946இல் அவர் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். ஐ.நா.வுக்குக் கறுப்பர்கள் தந்த மனுவின் நகலைக் கேட்டு எழுதிய கடிதம் அது. அதற்கும் முன்பே, 1873இல் ஜோதிபா பூலே தம் 'குலாம்கிரி' நூலை அடிமை ஒழிப்புக்காகப் போராடிய அமெரிக்க மக்களுக்குச் சமர்ப்பித்திருந்தார். இவர்கள் எந்த அமெரிக்காவை வாசித்தார்கள் என்பதை நாம்தான் மறந்துவிட்டோம்.

தோற்ற தெற்கு தனக்கு ஒரு கௌரவமான காரணம் கண்டுபிடித்தது: போர் அடிமைத்தனத்துக்காக நடக்கவில்லை, 'மாநில உரிமை'க்காக நடந்தது. நம் காதுக்கு இனிமையான சொல். இங்கே அது டில்லியின் ஆதிக்கத்துக்கு எதிரான ஜனநாயகக் கோரிக்கை. அங்கே? 1850இன் சட்டப்படி தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துத் தர வடமாநிலங்கள் மறுத்தபோது, மத்திய அரசின் கையை ஓங்கச் சொன்னது இதே தெற்குதான். 1957இல் லிட்டில் ராக் நகரப் பள்ளிக்குள் ஒன்பது கறுப்பின மாணவர்கள் நுழையாமல் தடுக்க ஆர்க்கன்சா ஆளுநர் மாநிலப் படையை நிறுத்தினார். அவர்களை உள்ளே அழைத்துச் செல்ல ஜனாதிபதி ராணுவத்தை அனுப்ப வேண்டியிருந்தது. ஆகவே ஒரு கோஷம் தன்னளவில் முற்போக்கும் அல்ல, பிற்போக்கும் அல்ல. அது யாரிடமிருந்து யாருக்கு எதைப் பெற்றுத் தருகிறது என்றுதான் பார்க்க வேண்டும். மாநில உரிமை கேட்கிற நாமும் மாநிலத்துக்குள் யாருக்கு உரிமை என்ற கேள்வியிலிருந்து தப்ப முடியாது.

இந்த வரலாறு நமக்கு அந்நியமானது என்று யாரேனும் சொன்னால் 1923இன் பகத் சிங் திண்ட் வழக்கைக் காட்டுங்கள். பஞ்சாபில் பிறந்து அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றியவர். வெள்ளையருக்கே குடியுரிமை என்ற 1790 சட்டத்தின் வழிவந்த விதியை அவர் தரப்பு எதிர்க்கவில்லை. தாம் உயர்சாதி ஆரியர், ஆகவே வெள்ளையர் என்று வாதாடியது. உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. சாதி கப்பலேறிப் போய் நிறத்தின் வாசலில் உறவு கொண்டாடி நின்ற காட்சி இது. நூறு ஆண்டு கழித்து, 2023இல், சியாட்டில் நகர மன்றம் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்ய வேண்டியிருந்தது என்றால் போனது திரும்பவில்லை என்று அர்த்தம்.

தொடக்கம் எது என்ற சண்டை அங்கே இன்றும் ஓயவில்லை. 2019இல் ஒரு நாளிதழ் 1619ஐ மையமாக வைத்து வரலாற்றைத் திருப்பிச் சொன்னது. அதற்கு எதிராக 1776இன் பெயரால் ஜனாதிபதி ஆணைக்குழு ஒன்று அமைக்கப்பட்டு 2021 ஜனவரியில் அறிக்கை வந்தது. இரண்டே நாளில் புதிய ஜனாதிபதி அந்தக் குழுவைக் கலைத்தார். 2025 மார்ச்சில் திரும்பவும் ஓர் ஆணை, இம்முறை அருங்காட்சியகங்களில் வரலாறு எப்படிச் சொல்லப்பட வேண்டும் என்று. பாடப்புத்தகச் சண்டைகளைப் பார்த்துப் பழகிய நமக்கு இதில் வியப்பு ஒன்றும் இல்லை.

அந்த இளம் தோழருக்கு நான் பிறகு சொன்னது இதுதான். எந்த ஆண்டிலிருந்து வேண்டுமானாலும் தொடங்குங்கள். ஆனால் மூன்று கேள்விகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஆண்டைத் தொடக்கம் என்று குறித்தவர் யார்? அந்த ஆண்டில் சட்டம் யாருடைய உடலையும் நிலத்தையும் யார் பெயருக்கு எழுதியது? பிறகு அதை எழுதிய வரலாற்றாசிரியர் எந்தத் தரப்பின் வீட்டில் சாப்பிட்டார்? அவர் குறித்துக்கொண்டு, 'இதையே நம்ம ஊர் வரலாற்றுக்கும் கேட்கலாமா?' என்றார். கேளுங்கள் என்றேன். கேட்டுவிட்டு எழுதவும் செய்யுங்கள்.